சர்க்கரைக்கு ஒரு சீட்டு

பெரிய டாக்ஸியில் ஆறு பேர் ஏறினால்தான் வண்டி நகரும். முன்னால் இரண்டு, பின்னால் நான்கு. இதை வகுத்தது ஆண்டவனா அரசாங்கமா என்று எனக்குத் தெரியாது. என் பழைய பென்ஸைச் செய்த ஜெர்மன்காரன் பின்சீட்டை மூன்று பேருக்குத்தான் செய்தான். பாவம், அவனுக்கு எங்கள் மெக்னஸ் ஊர்க்காரர்களின் இடுப்பும் தெரியாது, பிடிவாதமும் தெரியாது. ஐந்து பேர் ஏறி உட்கார்ந்து, ஆறாவது ஆள் வரும்வரை வெயிலில் வெந்துகொண்டு, வராதவனைத் திட்டுவதுதான் எங்கள் பயணத்தின் முதல் பாதி. அந்த ஆறாவது சீட்டுக்கும் நீங்களே காசு கொடுத்துவிட்டால் வண்டி உடனே கிளம்பும். ஆனால் மெக்னஸில் பிறந்த எவரும் தான் உட்காராத சீட்டுக்குக் காசு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை லல்லா பதூலும் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

லல்லா என்றால் எங்கள் ஊரில் அம்மணி என்று அர்த்தம். லல்லா பதூல் பழைய நகரத்துக்காரி. ஊர்க் கோட்டையின் மன்சூர் வாசலைத் தன் அப்பாதான் கட்டினார் என்பதுபோல நடப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்து பல வருஷம். வீட்டில் அவள் சொல்வதுதான் சட்டம். அன்றைக்கு மகன் ஜவாத்துக்குப் பெண் கேட்க, மலைமேல் இருக்கும் மவ்லாய் இத்ரீஸ் ஊருக்குக் கிளம்பியிருந்தாள். கூட அவள் தங்கை ருகிய்யா, சபையில் பேசுவதற்காக ஜவாத்தின் சித்தப்பா தய்யிப், புதுச் சட்டையில் விறைத்துப்போன ஜவாத். ஆக நாலு பேர். ஐந்தாவதாக ஒரு பெரிய தாம்பாளம். அதில் நீலக் காகிதம் சுற்றிய, கல் மாதிரி இறுகிய சர்க்கரைக் கூம்புகள், பேரீச்சை, மருதாணி, ஒரு ஜோடி செருப்பு. கூம்புகளுக்குப் பச்சை ரிப்பன் வேறு கட்டியிருந்தது.

"தாம்பாளத்த டிக்கில வைங்க லல்லா," என்றேன்.

"பொண்ணு கேக்கக் கொண்டு போற சக்கரைய உன் பழைய டயரோட படுக்கப் போடச் சொல்றியா? நல்ல வீட்டுல பொறந்தவன்தானே நீ?"

"அப்ப சக்கரைக்கும் சீட்டுக் காசு ஆகும்."

"தர்றேன். எங்க வீட்டுச் சக்கரை ஓசியில போகாது."

"ஆறாவது சீட்டு?"

"அதுல யாரு உக்கார்றா?"

"யாரும் இல்ல."

"அப்ப யாரும் இல்லாதவங்க கிட்டப் போய் வாங்கிக்க."

இதற்கு மேல் அந்த வாயோடு மல்லுக்கு நிற்க என்னால் முடியாது. ஸ்டாண்டில் ஆள் பிடித்துத் தரும் ஹம்முவைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே கத்த ஆரம்பித்திருந்தான். "மவ்லாய் இத்ரீஸ், ஒரே ஆள், ஒரே ஆள்." வண்டி காலியாக நிற்கும்போதும் அவன் இதையேதான் கத்துவான். அன்றைக்குத்தான் முதன்முறையாக உண்மை பேசினான்.

ஜன்னலோர சீட்டைச் சர்க்கரைக்குக் கொடுத்தார்கள். அதற்கு அடுத்து ருகிய்யா, அப்புறம் லல்லா பதூல். வலது கதவோரம் ஒரு சாண் இடம் மிச்சம். முன்னால் என் பக்கத்தில் ஜவாத், அவனுக்கு அந்தப் பக்கம் தய்யிப். தய்யிப் தான் சபையில் சொல்ல வேண்டியதை உதட்டுக்குள்ளேயே ஒப்பித்துக்கொண்டிருந்தார். 'அல்லாஹ்வின் பெயரால் உங்கள் மகளின் கரத்தை' என்று தொடங்கி, 'கரத்தை' வந்ததும் மறந்துபோய்த் திரும்ப முதலிலிருந்து வந்தார்.

கொஞ்ச நேரத்தில் ஹம்மு ஒரு பெண்ணை ஏறக்குறைய தள்ளிக்கொண்டு வந்தான். எனக்குத் தெரிந்த முகம்தான். மெக்னஸ் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், என் தடத்தில் வாராவாரம் வருகிறவள். கையில் பலகாரக் கடைப் பெட்டி ஒன்று, குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தாள். மூச்சிரைக்க ஏறினாள், கதவை அடைத்தேன். ஆனால் என் வண்டியின் வலது பின்கதவு தன் இஷ்டத்துக்குத் திறக்கும் சாதி.

"மகளே, கதவ ரெண்டு கையாலயும் இழுத்துப் பிடிச்சுக்க. வளைவுல மட்டும் விட்டுராத."

"அப்ப பெட்டி?"

"குடு என் மடியில," என்றாள் லல்லா பதூல். பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி கிளம்பியது.

ஜவாத் 'யார் ஏறினது' என்று சும்மா திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே முன்னால் திரும்பி, எதிரே போன கழுதை வண்டியை முறைக்க ஆரம்பித்தான். அவன் காது இரண்டும் மாதுளம் பழம் மாதிரி ஆகிவிட்டன. எனக்கு அப்போது ஒன்றும் பிடிபடவில்லை. புதுச் சட்டைக் காலர் இறுக்குகிறது போல என்று நினைத்தேன்.

பெரிய டாக்ஸியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் காது கிடையாது என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தொடையோடு தொடை இடித்துக்கொண்டு உட்கார்ந்து, மூல வியாதியிலிருந்து பாகப் பிரிவினை வரை எல்லாவற்றையும் பேசுவோம். இறங்கினால் அவர் யாரோ நாம் யாரோ. லல்லா பதூலும் அப்படித்தான் தங்கையின் பக்கம் சாய்ந்து, என் இன்ஜின் சத்தத்தின் மறைவில் பேசத் தொடங்கினாள். முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காது. டிரைவருக்குக் கேட்கும். இருபது வருஷமாக முதுகால் கேட்டுப் பழகியவன் நான்.

"பாரு ருகிய்யா, நான் வர்றது இவன் வாய அடைக்கத்தான். உக்காருவேன், டீ குடிப்பேன், ஏதாவது ஒரு குறை கண்டுபிடிப்பேன். பெருநாளுக்கு அப்புறம் பேசிக்கலாம்னு சொல்லிட்டு எந்திரிப்பேன். அந்தப் பெருநாள் வரவே வராது."

"பொண்ண நீ இன்னும் பாக்கவே இல்லியே அக்கா."

"போன்ல போட்டோ காட்ட வந்தான். தள்ளுடா அந்தப் பக்கம்னுட்டேன். மலைக்காரிய போட்டோல வேற பாக்கணுமா? மருந்துக் கடையில நிக்கிறவளாம். நாலு மாசமா தலைவலி தலைவலின்னு இவன் அங்க போய் நின்னுருக்கான். அவ மாத்திரையா குடுத்தா? வசிய மருந்துல்ல குடுத்துட்டா."

ஸ்டீயரிங் என் கையில் ஒரு தடவை நழுவியது. மருந்துக் கடை. மலை. மாதுளம் காது. கண்ணாடியில் பார்த்தேன். கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்த பெண் கண்ணாடி வழியாக என்னையே பார்த்தாள். வாயை மூடு என்று அந்தப் பார்வை சொன்னது. சிஹாம் என்று ஒரு நாள் யாரோ அவளைக் கூப்பிட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"சொல்றேன் கேளு," என்று லல்லா பதூல் குரலை இன்னும் தாழ்த்தினாள். "இந்தச் சக்கரைய நான் விலைக்கு வாங்கல. மளிகைக்காரன்கிட்ட, காகிதம் கசங்காம சாயந்தரம் திருப்பிக் கொண்டாந்துருவேன்னு சொல்லித்தான் எடுத்தாந்தேன். கல்யாணம் பேசி முடியலன்னா சக்கரை திரும்பித்தானே ஆகணும்? முடியப் போறதில்ல. எதுக்கு வீண் செலவு?"

ருகிய்யா சிரித்துச் சிரித்துச் சர்க்கரை மேலேயே சாய்ந்துவிட்டாள். "ரிப்பன்?"

"ரிப்பன் என்னோடது. போன பெருநாளுக்கு வந்த கேக் பெட்டில கட்டியிருந்தது."

சர்க்கரை திரும்புவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. நானும் என் காலத்தில் இரண்டு வீட்டுக்குக் கூம்பு கொண்டு போனவன். இரண்டு தடவையும் அதே தாம்பாளத்தோடு திரும்பி வந்தவன். அந்தச் சர்க்கரையில் என் அம்மா ஒரு வருஷம் டீ போட்டாள். ஒவ்வொரு டம்ளரும் தொண்டையில் கசந்தது. எனவே கொண்டு போகும் முன்பே திருப்பிக் கொண்டுவர ஏற்பாடு செய்த ஒருத்தி என் வண்டியில் உட்கார்ந்திருக்கிறாள் என்றதும் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. சீட்டுக் காசு வாங்கியாகிவிட்டது. வாயைத் திறக்க முடியாது.

"எங்க அம்மா என்ன பேசுறாங்க?" என்று ஜவாத் என் காதில் கேட்டான்.

"மழை எப்ப வரும்னு பேசுறாங்க."

பின்னால் பேச்சு முடிந்து வேலை தொடங்கியிருந்தது. லல்லா பதூலின் விரல் பெட்டியின் கயிற்றுக்குள் போய்விட்டது.

"உள்ள என்ன மகளே?"

"பலகாரம்," என்றாள் சிஹாம். அவளால் கதவை விடவும் முடியாது, பெட்டியைப் பிடுங்கவும் முடியாது.

"யாருக்கு?"

"விருந்தாளிங்க வர்றாங்க."

"ஒண்ணு எடுத்துக்கறேன். காலையில இருந்து வயித்துல ஒண்ணும் இல்ல." பதிலுக்குக் காத்திராமல் எடுத்தாள். பாதாம் அடைத்துப் பிறை மாதிரி வளைத்திருக்கும் மான்கால் பலகாரம். ருகிய்யாவுக்கும் ஒன்று கொடுத்தாள். மென்று விழுங்கி, தீர்ப்பும் சொன்னாள். "கடையில வாங்கினது. இனிப்பு ஜாஸ்தி, பூத்தண்ணி வாசனையே இல்ல. இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு மாவு பிசையக் கை வளையாது. வர்ற விருந்தாளி யாரோ பாவம்."

"ஆமாம்மா," என்றாள் சிஹாம். "பாவம்தான்."

சாலை பிரியும் இடம் நெருங்கியது. நேரே போனால் மவ்லாய் இத்ரீஸ். இந்தப் பக்கம் திரும்பினால் வலீலி. ரோமாபுரிக்காரர்கள் கட்டி, அவர்களும் போய், கூரையும் போய், தூண்களின் தலையில் நாரைகள் குடித்தனம் நடத்தும் ஊர். வெள்ளைக்காரர்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள். நாங்கள் அதை ஃபிர்அவ்ன் ராஜா கோட்டை என்று சொல்லிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போகிறோம்.

ஜவாத்துக்கு அந்த இடத்தில்தான் புத்தி வேலை செய்தது. சிஹாம் பெட்டியோடு அவர்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வீடும் வாசலில் வைத்து முட்டிக்கொள்ளும். "அம்மா, அவங்க வரச் சொன்ன அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருக்கு," என்றான் பின்னால் திரும்பாமல். "சீக்கிரம் போனா சாப்பாட்டுக்கு அலைஞ்சு வந்தவங்கன்னு நினைப்பாங்க. வலீலிய ஒரு சுத்து பாத்துட்டுப் போலாம்."

"இவ்ளோ தூரம் வந்து இடிஞ்ச வீட்டையா பாக்கறது? நம்ம தெருவுலயே நாலு இருக்கு." ஆனாலும் சாப்பாட்டுக்கு அலைந்தவள் என்ற பேச்சு அவளுக்குச் சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். "சரி, திருப்பு. பக்கத்துலயே பொறந்து நானும் பாத்ததில்ல."

"இந்தப் பொண்ண ஊர்ல இறக்கி விட்டுட்டு வந்து உங்கள ஏத்திக்கிறேன்," என்றேன்.

"சக்கரை?"

"சக்கரை டிக்கெட் எடுத்துருக்கு லல்லா. பத்திரமா இருக்கும்."

அவர்களை வலீலி வாசலில் இறக்கினேன். தய்யிப் 'உங்கள் மகளின் கரத்தை' என்று முணுமுணுத்தபடியே இறங்கினார். வண்டியில் நானும் சிஹாமும் சர்க்கரையும்தான் மிச்சம். அவள் முன்சீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பார்த்தாள். பலகார வரிசையில் இரண்டு பல் விழுந்த மாதிரி இடைவெளி. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"அண்ணே, அவங்கள அப்படியே மெக்னஸுக்குக் கொண்டு போய் விட்டுருங்க. பொண்ணுக்கு இஷ்டம் இல்லைன்னு நான் வீட்டுல சொல்லிடறேன். எந்த வீட்டுலயும் போய்க் கெஞ்சி நிக்கற ஆளு நான் இல்ல."

"அந்தப் பயல் மேல?"

"அவன் மேல ஆசை இருக்கு. பொய் சொல்லல. அவன் அம்மா மேல இல்ல."

"ரெண்டையும் தனித்தனியா விக்க மாட்டாங்க மகளே. நான் கேட்டுப் பாத்துட்டேன், ரெண்டு கடையில."

கண்ணைத் துடைத்தவள் சிரித்துவிட்டாள். மலையேறும் வளைவில், பின்சீட்டுப் பழக்கத்தில், கதவைக் கெட்டியாகப் பிடித்தாள். முன்கதவு ஒழுங்கானதுதான் என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

"பலகாரம் கடையில வாங்கினதுன்னு தெரிஞ்சா எங்க அம்மாவுக்கு அவமானம். எம் பொண்ணு சொந்தக் கையால செஞ்சதுன்னு சொல்லணும்னு நேத்துல இருந்து துடிச்சுட்டு இருக்காங்க. சுட்டது எல்லாம் அடுப்புல கருகிப் போச்சு, என்ன பண்றது?" பின்னால் திரும்பி, ஜன்னலோரம் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்த கூம்புகளைப் பார்த்தாள். "அண்ணே, அந்தச் சக்கரை நிஜமாவே திருப்பிக் குடுக்க எடுத்தாந்ததா?"

"காதால கேட்டியே."

"கேட்டேன்," என்றாள். வீட்டுத் தெருமுனையில் இறங்கும்போது குனிந்து சொன்னாள். "அவங்களோட நீங்களும் உள்ள வாங்க. டீ குடிச்சுட்டுத்தான் போகணும்."

நான் வலீலிக்குத் திரும்பியபோது லல்லா பதூல் ஒரு கல்மேல் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கே தரையில் சில்லுக் கல் பதித்துப் படம் போட்டிருக்கிறார்கள். துணி இல்லாத ஆட்கள் குளிக்கிற படம். தய்யிப் அதன் முன்னால் நின்று நகர மறுத்திருக்கிறார்.

"வெக்கம் கெட்ட கிழவன். சபையில பேச வேண்டிய வார்த்த மறந்து போகுது, இது மட்டும் கண்ணுல ஒட்டிக்குது. கூரை இல்லாத வீட்டுக்கு டிக்கெட் வேற. எடு வண்டிய."

பெண் வீட்டில் வரவேற்பு பலமாக இருந்தது. சிஹாமின் அப்பா வாசல்வரை வந்தார். தாம்பாளத்தைக் கூடத்தின் நடுவில் வைத்தார்கள். என்னையும் உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை கொடுத்தார்கள். டிரைவர் என்றால் எங்கள் ஊரில் பாதி சம்பந்தி. தய்யிப் 'கரத்தை'யைத் தாண்டி ஒரு வழியாகக் கரையேறினார். அப்பாக்காரர் ஜவாத்தின் வேலையைப் பற்றிக் கேட்டார். லல்லா பதூல் சுவரிலிருந்து திரைச்சீலைவரை ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறை தேடிக்கொண்டிருந்தாள்.

அப்போது சிஹாமின் அம்மா பலகாரத் தட்டோடு வந்தாள். "எல்லாம் எம் பொண்ணு சொந்தக் கையால செஞ்சது லல்லா. விடியக் கருக்கல்ல எந்திரிச்சா."

லல்லா பதூல் தட்டில் இருந்த மான்கால்களைப் பார்த்தாள். புருவம் லேசாக ஏறியது. தேடிய குறை தானாகவே காலடியில் வந்து விழுந்த முகம். வாயைத் திறந்தாள். அதற்குள் உள்ளறைத் திரை விலகியது. கெண்டியும் டம்ளர்களும் வைத்த தட்டோடு சிஹாம் வந்தாள், தட்டின் ஓரத்தில் ஒரு சின்னச் சுத்தியல்.

திறந்த வாய் திறந்தபடியே நின்றது. ருகிய்யா "யா லத்தீஃப்" என்று சொல்லித் முக்காட்டு முனையை வாயில் திணித்துக்கொண்டாள். ஜவாத் கம்பளத்தின் பூக்களை எண்ணினான். எனக்கு வயிற்றில் இருந்து கிளம்பிய சிரிப்பை இருமலாக மாற்ற வேண்டியிருந்தது.

சிஹாம் ஸலாம் சொல்லி, லல்லா பதூலின் கையை முத்தமிட்டுவிட்டு, தாம்பாளத்தின் பக்கத்தில் மண்டியிட்டாள். ஒரு கூம்பை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுச் சக்கரை காலையிலயே தீர்ந்து போச்சு லல்லா," என்றாள், தேன் குரலில். "டீல போட வேற இல்ல. நீங்க கொண்டு வந்ததையே உடைக்கட்டுமா?"

பெண் வீட்டார் உடைத்த சர்க்கரை திரும்பாது. அதற்குப் பிறகு பெருநாளும் கிடையாது, பிறகு பேசிக்கலாமும் கிடையாது. கூடத்தில் இருந்த மற்றவர்களுக்கு அது பெண்ணின் அவசரமாகத் தெரிந்திருக்கும். அவளுடைய அம்மா கண்ணாலேயே அவளை அதட்டினாள். ஆனால் சுத்தியல் நீலக் காகிதத்துக்கு ஒரு விரல் உயரத்தில் நின்றது. சிஹாம் லல்லா பதூலின் கண்ணையே பார்த்தாள். வேண்டாம் என்று லல்லா பதூல் சொன்னால், சர்க்கரை யாருடையது என்று சிஹாம் சொல்லுவாள். சிஹாம் அதைச் சொன்னால், பலகாரம் யாருடையது என்று லல்லா பதூல் சொல்லுவாள். இரண்டு வீட்டு மானமும் அந்தச் சுத்தியலின் நுனியில் இருந்தது. ஜவாத்துக்காக என் நெஞ்சு அடித்துக்கொண்டது; என் சர்க்கரைக்குக்கூட அப்படி அடித்ததில்லை.

லல்லா பதூல் தட்டை நோக்கிக் கையை நீட்டினாள். ஒரு மான்காலை எடுத்தாள். கடித்தாள். நிதானமாக மென்றாள். அவள் கண்ணோரத்தில் ஏதோ ஒன்று தளர்ந்தது. அது தோல்வி என்று நான் நினைத்தேன். இல்லை, சந்தையில் தனக்குச் சமமாகப் பேரம் பேசுகிறவளைக் கண்டவளின் சந்தோஷம் அது.

"உடை மகளே," என்றாள். "பெருசாவே உடை. ஆனா டீல கம்மியாப் போடு. உன் கைப் பலகாரத்துலயே இனிப்பு ஜாஸ்தி."

சுத்தியல் இறங்கியது. நீலக் காகிதம் கிழிந்தது. சிஹாமின் அம்மா நாக்கைச் சுழற்றிக் குலவையிட, பக்கத்து வீடுகளிலிருந்தும் பதில் குலவை வந்தது. ஜவாத் கம்பளத்திலிருந்து தலையைத் தூக்கினான். என்ன நடந்தது என்று அவனுக்கு இன்றுவரை முழுசாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதே குடும்பத்துக்கு நல்லது.

திரும்பும்போது சர்க்கரை இருந்த ஜன்னலோர சீட்டில் வெறும் தாம்பாளம் கிடந்து கடகடத்தது. சிஹாம் பிடித்திருந்த கதவை இப்போது லல்லா பதூல் பிடித்துக்கொண்டு வந்தாள். "மளிகைக்காரனுக்கு என்னக்கா சொல்றது?" என்று ருகிய்யா மெல்லக் கேட்டாள்.

"மருமக உடைச்சுட்டான்னு சொல்லு," என்றாள். அப்புறம் முன்சீட்டின் முதுகில் ஒரு தட்டுத் தட்டி என்னைக் கூப்பிட்டாள். "பூஸெல்ஹாம், காது கேக்குதா உனக்கு?"

"இல்ல லல்லா. டிரைவருக்கு ஏது காது."

"கல்யாணத்துக்கும் உன் வண்டிதான். ஆறு சீட்டுக்கும் நானே காசு தர்றேன். வழியில வெளியாள் ஒருத்தரையும் ஏத்தாத."